பாசோ குருசுவின் இடது ஓரம்

எதிரணி எவ்வளவு பலசாலி என்று பார்த்து வியூகம் வகுக்க வேண்டும் என்பது பந்தை ஒருமுறையாவது உதைத்த எவனுக்கும் தெரியும். பலசாலி வந்தால் பின்னால் ஆள் சேர்க்க வேண்டும், சோதா வந்தால் முன்னால் ஆள் அனுப்ப வேண்டும். எங்கள் ஆற்றங்கரை லீக் இதை நான்கு வருடங்களுக்கு முன்புதான் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த வாரமே சட்டமாக்கிவிட்டது.

காரணம் இருந்தது. ஆளுநர் ஆட்டம் பார்க்க வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சின்ன ஊர்ப் பயிற்சியாளன் சாம்பியன் அணிக்கு எதிராக ஐந்து பேரை முன்னால் நிறுத்திப் பதினான்கு கோல் வாங்கினான். ஆளுநர் ஏழாவது கோலிலேயே எழுந்து போய்விட்டார். லீக் தலைவர் டாக்டர் ரோலோனால் அதைத் தாங்க முடியவில்லை. அவர் வைத்தியர் அல்ல, வக்கீல். பராகுவேயில் வக்கீலையும் டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்குக் காது கேட்காது.

மறுநாளே எல்லாப் பயிற்சியாளர்களையும் வரவழைத்துப் பேசினார். “பதினாலு கோல் வாங்கினது குத்தமில்ல. யாரு முன்னாடி நிக்கிறோம்னு தெரியாம நின்னதுதான் குத்தம். தன்னவிடப் பெரியவன் யாருன்னு ஒவ்வொருத்தனும் தானே முடிவு பண்ண ஆரம்பிச்சா நாடு என்னத்துக்கு ஆகும்? அத முடிவு பண்ண ஒரு வாரியம் வேணும். வாரியத்துக்கு ஒரு தலைவர் வேணும். அதுக்குத்தான் நான் இருக்கேன்.”

அப்படிப் பிறந்தது எதிரணி வலிமை வாரியம். செவ்வாய்க்கிழமை தோறும் பயிற்சியாளர்கள் வரிசையில் நிற்க வேண்டும். வாரியம் எதிரணியை எடைபோட்டு ‘வலியது’, ‘நிகரானது’, ‘எளியது’ என்று ஏதாவதொரு முத்திரை குத்தும். வலியதற்கு ஐந்து-நான்கு-ஒன்று. நிகரானதற்கு நான்கு-நான்கு-இரண்டு. எளியதற்கு மூன்று-நான்கு-மூன்று. ஆட்டத்தன்று வியூக ஆய்வாளர் எவரிஸ்டோ கயிறும் சுண்ணாம்புப் பொடியுமாகக் கோட்டோரம் நிற்பார். யாராவது தன் வரிசையை விட்டு மூன்று அடி தாண்டினால் நோட்டில் பெயர் ஏறும். பெயர் ஏறினால் புள்ளி இறங்கும்.

நான் கஸ்தோர் சராச்சோ. பிழைப்புக்குக் குளிர்பெட்டி பழுதுபார்க்கிறேன். மாலையில் ‘பிப்ரவரி இருபத்தொன்பது’ கழகத்தின் பயிற்சியாளன். கழகங்களுக்குத் தொடங்கிய தேதியையே பெயராக வைப்பது இங்கே வழக்கம். எங்கள் பெரியவர்கள் நாள் பார்க்காமல் தொடங்கிவிட்டதால் நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் எங்களுக்கு ஆண்டுவிழா.

புதுச் சட்டத்தின் முதல் ஆட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாரியம் எதிரணியிடம் எங்களை வலியவர்கள் என்றும், எங்களிடம் அவர்களை வலியவர்கள் என்றும் சான்று கொடுத்திருந்தது. இரண்டு அணியும் ஐந்து-நான்கு-ஒன்று. தொண்ணூறு நிமிடம் இரண்டு பக்கமும் தற்காப்பில் நின்றோம். பந்து நடுவில் கிடந்தது. இரண்டாம் பாதியில் ஒரு நாய் வந்து பந்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. எவரிஸ்டோ அது படுத்த இடத்தையும் கயிறு போட்டு அளந்து எழுதிக்கொண்டார். இவ்வளவு ஒழுங்கான ஆட்டத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று டாக்டர் ரோலோன் இருவருக்கும் கைகொடுத்தார்.

அடுத்த மாதம் நிஜமான பலசாலி ஒருவனை எங்களுக்கு ‘எளியது’ என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று-நான்கு-மூன்றில் நின்று ஆறு கோல் வாங்கினோம். வரிசை கலையாமல் தோற்றதற்காக லீக் எங்களுக்குப் பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. அப்படி இப்போது எங்களிடம் மூன்று பத்திரங்கள் இருக்கின்றன. சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வருடம் ஒரு கழகம் கலைந்து போய் லீக்கில் ஒன்பது கழகங்கள்தான் மிஞ்சின. அட்டவணை போட இரட்டை எண் வேண்டும். டாக்டர் ரோலோன் பழைய பதிவேட்டைப் புரட்டி, விலகல் கடிதம் கொடுக்காத ஒரு கழகத்தைக் கண்டுபிடித்தார். பாசோ குருசு. என் ஊர்.

பாசோ குருசு பத்தொன்பது வருடங்களாக அணைத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அதன் ஆட்டக்காரர்களில் ஏழு பேர் எல்லை தாண்டிப் புவனஸ் அயர்ஸில் கட்டட வேலை செய்கிறார்கள். இரண்டு பேர் தலைநகர் அசுன்சியோனில் பேருந்து ஓட்டுகிறார்கள். ஒருவன் பாதிரியாராகிவிட்டான். இதையெல்லாம் யாரும் எழுத்தில் தெரிவிக்காததால் லீக்குக்குத் தெரியாது. பதிவேட்டின்படி அந்தக் கழகம் பத்தொன்பது வருடங்களாகத் தோற்றதில்லை, கோல் வாங்கியதில்லை, மஞ்சள் அட்டை பார்த்ததில்லை. வாரியம் அதற்கென்றே ‘மிக வலியது’ என்று நான்காவது முத்திரை ஒன்று செய்ய வைத்தது. மிக வலியதற்கு எதிராக நிற்கும் அணி நடுக்கோட்டைத் தாண்டவே கூடாது என்று ஒரு விதியும் சேர்த்தது.

வராத அணி தோற்றதாகத்தானே அர்த்தம் என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். வரவில்லை என்பதை அந்த அணியின் பொறுப்பாளர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்தப் பதவி பத்தொன்பது வருடமாகக் காலி.

ஆகவே எட்டுக் கழகங்கள் வரிசையாகப் போய் வெற்று மைதானத்துக்கு எதிரே தற்காப்பில் நின்றன. எட்டு ஆட்டமும் கோலின்றிச் சமன். எட்டுப் புள்ளியோடு பாசோ குருசு அட்டவணையில் ஆறாவது இடத்துக்கு வந்தது. நாங்கள் கடைசி. கடைசி இடத்துக் கழகத்தைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். எங்களுக்கு மிச்சமிருந்தது ஒரே ஆட்டம், பாசோ குருசுவோடு. ஜெயித்தால் பிழைப்போம்.

நான் லீக் அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா எர்மெலிந்தா, மரியாதையாக எல்லோருக்கும் ‘ஞா’ எர்மெலிந்தா, பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தாள். பாசோ குருசுவின் பதினொரு பெயர்கள். கடைசி வரியில் இப்படி இருந்தது: ‘எலாடியோ சராச்சோ. இடது ஓர முன்வரிசை. நிலை: நடப்பில் உள்ளார்.’

எலாடியோ என் தம்பி. அவன் ஆடினான், நான் மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்தே சாம்பியன் ஆனேன். அணையை மூடியபோது ஊரே சாமான்களை ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிட்டது. சாம்பியன் ஆன சந்தோஷத்தில் வாங்கிய புது கோல் வலை மட்டும் கம்பத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்து வர எலாடியோ படகில் போனான். படகு திரும்பி வந்தது. அவன் வரவில்லை. அவனுக்கு இருபது வயது. விபத்தில் ஒருவர் செத்த இடத்தில் நாங்கள் சிலுவை நட்டு வெள்ளைத் துணி போடுவோம். அவனுக்கு நடவில்லை, தண்ணீரில் எங்கே நடுவது? அம்மா சாகும்வரை அவனுக்குப் பூசை வைக்க விடவில்லை. அவன் செத்தான் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ‘நடப்பில் உள்ளார்’ என்று அந்த ஈரம் படாத தாளில் பார்த்ததும் விரலை அந்த வரியின் மேல் வைத்தேன்.

“என்ன கஸ்தோர், மூஞ்சி ஒரு மாதிரி போயிருச்சு?” என்றாள் ஞா எர்மெலிந்தா.

“ஒண்ணுமில்ல ஞா. கையெழுத்து அழகா இருக்கு.”

“என் கையெழுத்துதான்” என்று சொல்லி, என்னை டாக்டர் ரோலோனின் அறைக்கு அனுப்பினாள்.

அவர் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீரைக் குழலால் உறிஞ்சிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். “டாக்டர், அந்த ஊரே தண்ணிக்குள்ள கெடக்கு. அவங்கள எப்படி மிக வலியவங்கன்னு சொல்றீங்க?”

“மைதானம் தற்காலிகமா நனைஞ்சிருக்கு. அதனாலதான ஆட்டத்த உங்க மைதானத்துக்கு மாத்திக் குடுத்திருக்கோம்” என்றார். “நீ அவங்க ஊர்க்காரன்தான? வலிமைய மறுபரிசீலனை பண்ணணும்னா படிவம் ஒண்ணு இருக்கு. ஆளாளுக்கு ஒரு கட்டம். உள்ளத உள்ளபடி எழுதிக் குடு.”

படிவத்தைப் பட்டறைக்கு எடுத்துப்போய், மூடி கழற்றிய ஒரு குளிர்பெட்டியின் மேல் வைத்து எழுதினேன். பத்துக் கட்டங்கள் பத்து நிமிடத்தில் முடிந்தன. ஊரில் இல்லை, ஊரில் இல்லை, பாதிரியார். பதினோராவது கட்டத்தில் பேனா நின்றது. ஒரு சொல் எழுதினால் போதும். அதற்குப் பதிலாக நான் அவன் இடது காலைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். ஓரத்தோடு ஓடி வருவான், பின்காவலன் அவன் வெளியே போவான் என்று நம்பும் அந்த ஒரு நொடியில் உள்ளே வெட்டித் திரும்புவான். மழை பெய்த தரையில் இன்னும் வேகம். கோல் போட்டால் ஆடமாட்டான், தலையைச் சொறிவான். கட்டம் போதாமல் மூன்று தாள்கள் இணைத்தேன். பத்தொன்பது வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் செய்ததில்லை.

செவ்வாய்க்கிழமை தீர்ப்பு வந்தது. டாக்டர் ரோலோன் எல்லோர் முன்னாலும் படித்தார். “ஏழு பேரு புவனஸ் அயர்ஸ்ல இருக்காங்க. வெளிநாட்டு அனுபவம். வலிமை கூடுது. ஒருத்தர் பாதிரியார். கட்டுப்பாடு. வலிமை கூடுது. பதினோராவது ஆட்டக்காரரப் பத்தி இவ்ளோ விவரமா ஒரு அறிக்கை இந்த வாரியத்துக்கு வந்ததே இல்ல. இப்படி ஒருத்தன் இடது ஓரத்துல இருக்கப்ப, சராச்சோ, நீ பின்னாடி அஞ்சு பேர மட்டும் வெச்சிருக்கியே, அதுவே எனக்குப் பயமா இருக்கு.”

வெளியே வந்ததும் எங்கள் அணித் தலைவன் பெனிக்னோ என் சட்டையைப் பிடித்துவிட்டான். அவன் கசாப்புக் கடைக்காரன், பிடித்தால் விடாத கை. “நீ யாருக்குக் கோச்? எங்களுக்கா, அவங்களுக்கா? ஒரு வார்த்த எழுத வேண்டிய எடத்துல மூணு பக்கம் எழுதி வெச்சிருக்க!”

அவன் கையை விடும்வரை நின்றுவிட்டு, பட்டறைக்கு நடந்தேன்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம். எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் ஏரி. அந்தப் பக்கப் பாதியைப் பாசோ குருசுவுக்கு ஒதுக்கினார்கள். நடுவர் நாணயம் சுண்டினார், பாசோ குருசு ஜெயித்தது, முதல் உதை அவர்களுக்கு. விசில் ஊதியதும் பந்து நடுவில் சும்மா இருந்தது. ஊரார் சிரித்தார்கள். ஏரியிலிருந்து காற்று வந்தது. பந்து மெல்ல உருண்டு எங்கள் பக்கம் வந்தது.

பெனிக்னோ அதை ஓங்கி அந்தப் பக்கம் அனுப்பினான். அங்கே போய் எடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. அங்கே இருக்கும்வரை பந்து அவர்கள் வசம் என்று எவரிஸ்டோ எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்தது. தரை எங்கள் பக்கம் சரிவு, காற்றும் எங்கள் பக்கம். இப்படி நான்கைந்து முறை. சிரிப்பு குறைந்தது.

பிறகு பந்து இடது ஓரமாக வர ஆரம்பித்தது. எங்கள் வலது பின்காவலன் லூச்சோ, வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன், அதற்கு எதிரே போனான். கோட்டோரமாக நேரே வந்த பந்து, அவன் காலை நீட்டிய நொடியில், உள்ளே திரும்பியது. எங்கள் கோல்காரன் பாய்ந்து விழுந்து பிடித்தான். யாரும் கைதட்டவில்லை. கோட்டோரம் நின்ற இரண்டு மூன்று பேர் தொப்பியைக் கழற்றினார்கள். புல்தரையில் ஏதோ மேடு பள்ளம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து நிமிடம் கழித்து அதே ஓரம், அதே வேகம், அதே திருப்பம். இந்த முறை பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. எதிரே நிற்கும் அணியின் பயிற்சியாளனாகப் பயத்தில் நடுங்க வேண்டிய நேரத்தில் நான் சந்தோஷத்தில் நடுங்கினேன், அதுதான் வெட்கக்கேடு.

எவரிஸ்டோ என்னிடம் வந்து, “வாரியம் சரியாத்தான் கணிச்சிருக்கு பாத்தியா” என்றார்.

இடைவேளையில் லூச்சோ வேலிக்கு அந்தப் பக்கம் போய் வாந்தியெடுத்தான். “என்னால முடியல, கஸ்தோர். சத்தம் கேக்குது.”

“காத்துடா.”

“காத்துக்குக் காலு இருக்கா? ஈரக் காலு, சளக் சளக்குனு. என்னத் தாண்டிப் போறப்ப மூச்சு வாங்கறதுகூடக் கேட்டுச்சு.”

பெனிக்னோ இந்த முறை சட்டையைப் பிடிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தான். “கஸ்தோர், எலாடியோ எனக்கும் கூட்டாளிதான். ஆனா உசுரோட பதினோரு பேரு இங்க நிக்கிறோம். இன்னும் முக்கா மணி நேரத்துல எங்க பேரையும் அடிச்சிருவாங்க. அப்புறம் நாங்களும் எங்கயும் இருக்க மாட்டோம். நீ எழுதினத நீதான் மாத்தணும்.”

திருத்தப் படிவம், ஆட்டம் பார்க்க வந்திருந்த டாக்டர் ரோலோனின் பையிலேயே இருந்தது. “ரொம்ப சுலபம்” என்றார். “வலிமை குறைஞ்சதுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அத மட்டும் நிரப்பு. தேதி போடு. சொந்தக்காரன் கையெழுத்துனா சாட்சி தேவையில்ல, அது ஒரு சலுகை.”

அவருடைய காரின் முன்மூடியில் வைத்து எழுதினேன். இரும்பு வெயிலில் சுட்டது. ‘எலாடியோ சராச்சோ, நீரில் மூழ்கி இறந்தான்.’ தேதியும் போட்டேன், அது எனக்கு யோசிக்காமல் வந்தது. ஒரு வரிதான். எழுதி முடித்ததும் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. என்னவென்று பார்த்தால், காற்று நின்றிருந்தது.

டாக்டர் ரோலோன் ‘எளியது’ முத்திரையைக் குத்தினார். மூன்று-நான்கு-மூன்று. இரண்டாம் பாதியில் எங்கள் ஆட்கள் நடுக்கோட்டைத் தாண்டினார்கள். யாரும் ஓடவில்லை, நடந்துதான் போனார்கள். பந்து போட்ட இடத்தில் கிடந்தது, திரும்பி வரவே இல்லை. லூச்சோ அதை வலது பக்கமாக மெதுவாக உருட்டிக்கொண்டு போனான். இரண்டு முறை நின்று பின்னால் திரும்பிப் பார்த்தான். காலி கோலுக்கு முன்னால் போய் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவன் தட்டினான். வலை அசைந்தது. பெனிக்னோ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு இன்னொரு கோல் போட யாருக்கும் மனம் வரவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம். நான் பெஞ்சில் உட்கார்ந்து பத்தொன்பது வருடம் அழாததை அழுதேன். கழகம் பிழைத்தது என்பதால் அழுவதாக மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

புதன்கிழமை லீக்கிலிருந்து ஆள் வந்தது. போனேன். டாக்டர் ரோலோன் எழுந்து நின்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆழ்ந்த அனுதாபங்கள் என்றார். பிறகு உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டார்.

“சராச்சோ, உன் வாக்குமூலத்துல ஒரு சிக்கல். எதிரணியில ஒருத்தர் ஆட்டத்துக்கு முன்னாடியே இறந்துட்டாருன்னு நீயே எழுதியிருக்க. இறந்தவர் பேரு இருக்கிற அணியோட ஆடினா ஆட்டம் செல்லாது. விதி நாப்பத்தொண்ணு. மரியாதைக்காகப் போட்ட விதி. நான்தான் போட்டேன்.”

“அப்ப மத்த எட்டு ஆட்டம்?”

“அப்ப எங்களுக்குத் தகவல் இல்லையே. தகவல் இல்லாத காலத்துல அவரு இருந்தாரு.”

“கோல்?”

“ஆட்டமே இல்லைனா கோல் ஏது?”

“எங்க கழகம்?”

“விதிப்படி கடைசி இடம்.” அவர் உண்மையாகவே வருந்தினார், அதை நான் மறுக்கவில்லை. “ஆனா பாசோ குருசு தொடரும். பத்து பேரா கொறைஞ்சிட்டாங்க, வலிமைய மறுபடி கணக்குப் போடணும். உன் உதவியில்லாம இது தெரிஞ்சிருக்காது. லீக் உனக்கு நன்றிக் கடிதம் அனுப்பும்.”

அவர் முகத்தில் ஓங்கி ஒரு அறை விட வேண்டும் என்று கை துடித்தது. எதிரே இருந்தவர் என்னைவிட வலியவரா எளியவரா என்று எனக்கு யாரும் சான்று தந்திருக்கவில்லை. வெளியே வந்தேன்.

ஞா எர்மெலிந்தா பதிவேட்டைத் திறந்து வைத்து, அளவுகோலை வரியின் மேல் பிடித்து, சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் கழகத்துக்கு முதலிலேயே போட்டு முடித்திருந்தாள். இது கடைசிக் கோடு, எலாடியோவின் பெயருக்கு. மை காய ஊதினாள்.

“ஞா, ஆட்டமே நடக்கலன்னு சொல்லிட்டாங்க. அப்ப நான் எழுதினதும் நடக்காத மாதிரிதான? இவன் பேர மட்டுமாவது மறுபடி சேத்துக்கலாமில்ல?”

“அது தனி, இது தனி, கஸ்தோர். ஆட்டம்தான் செல்லாது. சாவு முத்திரை போட்டு வந்தது, செல்லும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். எனக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று அவளுக்கு உண்மையிலேயே ஆசை. விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். “இரு, வழி இருக்கு. தவறுதலா நீக்கின ஆட்டக்காரர மறுபடி சேக்கலாம். போட்டோ ரெண்டு. அப்புறம் ஆளு நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். அவ்ளோதான்.”

“நேர்ல வரணுமா?”

“நேர்ல வந்தாப் போதும். வேற ஒண்ணும் கேக்க மாட்டோம்.”

விதிப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி அந்த வரியை ஒருமுறை நானே படித்தேன். பிறகு, அலுவலகம் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும் என்று கேட்டேன்.